எல்லாமே எங்க வழியாத்தான் போகுது

மழைக்காலம் வந்துட்டா டிவி நியூஸ்ல தினமும் ஒரு பேரு அடிபடும், பிலிகுண்டுலு. "பிலிகுண்டுலுவில் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி"ன்னு கீழ ஓடிட்டே இருக்கும். கர்நாடகாவுல இருந்து நமக்கு எவ்ளோ தண்ணி வந்துச்சுன்னு மத்திய நீர் ஆணையம் அளக்கற எடம் அது. 2018ல சுப்ரீம் கோர்ட் வருஷத்துக்கு 177.25 டிஎம்சின்னு தீர்ப்பு சொன்னுச்சே, அந்த கணக்கும் அங்க வெச்சுதான். தஞ்சாவூர்க்காரர் நாத்து விடலாமா வேணாமான்னு முடிவு பண்றதே அந்த நம்பரப் பாத்துதான். ஆனா அந்த ஊரு எங்க இருக்குன்னு கேட்டா நிறைய பேருக்கு தெரியாது. கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டிக்கு அந்தாண்ட, காட்டுக்குள்ள. அங்கருந்து கீழ எறங்கி வந்தா ஒகேனக்கல், அது எங்க தர்மபுரி மாவட்டம்.

அதாவது காவிரி தமிழ்நாட்டுக்குள்ள கால் வைக்கறதே எங்க மண்ணுலதான். அந்த காவிரி தண்ணி எங்க வீட்டு கொழாய்க்கு வந்தது 2013ல.

அது வரைக்கும் என்ன குடிச்சோம்னா போர் தண்ணி, கெணத்து தண்ணி. எங்க மாவட்டம் முழுக்க அடியில கல்லு, கொஞ்சம் மண்ணு தோண்டுனாலே பாறை தட்டும். அந்த பாறை இடுக்குல வருஷக்கணக்கா தேங்கி நிக்கற தண்ணியில பாறையில இருக்கற ஃபுளோரைடு கரைஞ்சு வரும், போர் ஆழமா போகப்போக பெரும்பாலும் அது அதிகமாத்தான் ஆகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு, எங்க பக்கம் நிறைய ஊர்ல அதை தாண்டித்தான் இருந்துச்சு. நிரந்தரப் பல்லு ஈறுக்குள்ள உருவாகற வயசுல, அதாவது ஏழு எட்டு வயசுக்குள்ள அந்த தண்ணிய குடிச்சா பல்லு முழுக்க மஞ்சளும் பழுப்புமா கோடு விழும், அப்புறம் எத்தனை தடவை வெளக்குனாலும் போகாது. என் வயசு ஆளுங்க பென்னாகரம், பாலக்கோடு பக்கம் யாரையாவது பாத்தீங்கன்னா சிரிக்கறப்ப கை தானா வாய்க்கு போகும். பொண்ணு பாக்க வந்தவங்க பல்லப் பாத்துட்டு எந்திரிச்சு போன கதை எங்க ஊர்ல நிறைய இருக்கு. பல்லாவது வெளிய தெரியுது, எலும்புல எறங்குனா முதுகு வளையும், முட்டி மடங்காது, அம்பது வயசுல கட்டில விட்டு எந்திரிக்க ரெண்டு பேர் புடிக்கணும். எங்க ஆயா கடைசி காலத்துல அப்படித்தான் கெடந்துச்சு, வயசாச்சுல்லன்னு நாங்க எல்லாரும் நெனச்சிட்டோம். வெளியூர்ல இருந்து வர்றவங்க தண்ணிய நல்லா காய்ச்சி குடிங்கன்னு அறிவுரை சொல்வாங்க, காய்ச்சினா ஃபுளோரைடு போகாதுங்க, தண்ணிதான் சுண்டும், அது இன்னும் கெட்டியாகும்.

பக்கத்துலயே ஆறு ஓடுதே, அத எடுத்து குடிக்கறதுக்கு என்னன்னு கேப்பீங்க. ஒகேனக்கல் பள்ளத்துல கெடக்குது, பென்னாகரமும் தர்மபுரியும் மேட்டுல இருக்குது. தண்ணி தானா மேல ஏறாது, மோட்டார் வெச்சுத்தான் ஏத்தணும், அதுக்கு பணம் வேணும், கர்நாடகா சம்மதமும் வேணும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்பு குறைப்பு திட்டம்னு பேரு. 2008 பிப்ரவரில அடிக்கல் நாட்டுனாங்க, அடுத்த மாசமே கர்நாடகால போராட்டம், தமிழ் படம் ஓடுற தியேட்டர் மேல கல்லு, பஸ் நிறுத்தம், எல்லாம் நடந்துச்சு. நாங்க கேட்டது வருஷத்துக்கு 1.4 டிஎம்சி, அதுவும் குடிக்கறதுக்கு. ஜப்பான் கடனுதவியோட சுமார் 1,928 கோடி ரூபாய் செலவுல வேலை முடிஞ்சு 2013 மே மாசம் திறந்தாங்க. எங்க ஊரு டேங்க்குக்கு காவிரி தண்ணி வந்த அன்னிக்கு எங்க அம்மா ஒரு சொம்பு புடிச்சு சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுட்டு அப்புறம்தான் எங்களுக்கு குடுத்தாங்க. இப்ப ஸ்கூல் போற புள்ளைங்க பல்லு வெள்ளையா இருக்கு, அத பாக்கறப்ப எனக்கு வர்ற சந்தோஷத்த எழுத்துல சொல்லத் தெரியல. ஆனா இன்னும் காவிரி தண்ணி வராத நாள்ல ஜனங்க அதே போர் தண்ணியத்தான் புடிக்கறாங்க, அது நிக்கணும்.

விவசாயத்துக்கு அந்த தண்ணியும் இல்ல. 2018ல, 2024லயெல்லாம் ஆடி ஆவணி வெள்ளத்துல ஒகேனக்கல்ல ஒரு லட்சம் கன அடிக்கு மேல போச்சு, பரிசல் நிறுத்தி, அருவியே தெரியாம ஒரே செம்மண் தண்ணியா ஓடுச்சு, அதே வாரம் பென்னாகரம் பக்கம் ஏரியெல்லாம் வெடிச்சு கெடந்துச்சு. அந்த மாதிரி வெள்ளம் வர்றப்ப மேட்டூரு நெரம்பி உபரியா போற தண்ணியில கொஞ்சத்த பம்ப் பண்ணி எங்க ஏரி குளத்துக்கு விடுங்கன்னு பல வருஷமா கேட்டுட்டு இருக்கோம். கட்சிக்கு கட்சி வாக்குறுதி குடுத்தாச்சு, கையெழுத்து இயக்கம் நடந்தாச்சு. இது டெல்டாக்காரங்க வாயில இருந்து புடுங்கற தண்ணி இல்லங்க, கடலுக்கு போறதுல ஒரு பங்கு.

தென்பெண்ணை கதையும் கிட்டத்தட்ட இதேதான். நந்தி மலையில பொறந்து ஓசூர் வழியா வருது. வர்றப்பவே பெங்களூரு சாக்கடையும் கம்பெனி கழிவும் சேந்துதான் வருது, கெலவரப்பள்ளி டேம்ல நுரை மலை மாதிரி எழும்பி நிக்கற வீடியோ நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. கீழ கே.ஆர்.பி டேம், காமராஜர் முதலமைச்சரா இருந்தப்ப கட்டுனது, அதுல பாயறது 9,000 ஏக்கர் சொச்சம். 2017 நவம்பர்ல அதோட ஒரு ஷட்டர் ஒடஞ்சு புடிச்சு வெச்ச தண்ணியெல்லாம் வீணா போச்சு, அந்த வருஷம் அத நம்பி நாத்து விட்டவங்க தலையில கை வெச்சு உக்காந்தாங்க.

நான் சொல்ல வர்றது இதான். எங்க மாவட்டத்தப் பத்தி பேசுனா "பின்தங்கிய மாவட்டம்", "வறட்சி மாவட்டம்"னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடறாங்க, என்னமோ மண்ணோட ராசி மாதிரி. எனக்கு அப்படி தோணல. இங்க இருக்கறதெல்லாம் இங்க நிக்காம போய்ட்டே இருக்கு, அதான் பிரச்சனை. ஆறு போகுது. கிரானைட் கல்லு லாரி லாரியா போகுது. 44ம் நம்பர் ஹைவே ஓசூர்ல நொழைஞ்சு தொப்பூர் கணவாய் வழியா சேலம் போகுது, அதுல போற கண்டெய்னர்ல எங்களுக்கு ஒண்ணுமில்ல, தொப்பூர் எறக்கத்துல நடக்கற ஆக்சிடென்ட் மட்டும் எங்க ஜிஹெச்சுக்கு வரும். ஒரு காலத்துல மொரப்பூர்ல இருந்து தர்மபுரி வழியா ஓசூர் வரைக்கும் சின்ன ரயில் ஓடுச்சாம், ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அத நிறுத்தி தண்டவாளத்தையும் பேத்து எடுத்துட்டு போய்ட்டாங்க. கிருஷ்ணகிரி 2004ல தனி மாவட்டமாயி, அதோட தலைநகரமான கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னிக்கு வரைக்கும் ரயில் இல்ல.

மாம்பழத்தையே எடுத்துக்கங்க. சந்தூர், போச்சம்பள்ளி பக்கம் போனா கண்ணுக்கெட்டின தூரம் மாந்தோப்பு. அல்போன்சா, மல்கோவா, செந்தூரா, பங்கனபள்ளி, நீலம் எல்லாம் உண்டு. ஆனா டன் கணக்குல வெளையறது பெங்களூரா, கிளிமூக்குன்னு சொல்வோம். அது கூழ் ஃபேக்டரிக்கு போற பழம், நீங்க பாட்டில்ல குடிக்கற மாம்பழ ஜூஸ்ல எங்க காய் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. வெளைச்சல் நல்லா இருக்கற வருஷம்தான் விவசாயிக்கு ஆபத்து, ஃபேக்டரி கேட்ல டிராக்டரு ரெண்டு நாள் மூணு நாள் லைன்ல நிக்கும், கிலோ ஒத்தை இலக்க ரூபாய்க்கு எறங்கிடும், பறிக்கற கூலி கூட தேறாது. 2025ல அப்படித்தான் ஆச்சு, மரத்துலயே விட்டவங்க உண்டு, மரத்தையே வெட்டுனவங்களும் உண்டு. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளியும் இப்படித்தான், ஒரு மாசம் சென்னைக்காரங்க விலையப் பாத்து கத்துவாங்க, அடுத்த மாசம் ரோட்டோரம் கொட்டி கெடக்கும், ரெண்டு மாசமும் விவசாயி கையில விலை இல்ல.

ராகிதான் எங்கள விட்டு போகாம நின்னது. மானாவாரியில ராகி வெதச்சு நடுவுல அவரையும் துவரையும் போடுவாங்க. கார்த்திகை மார்கழியில அந்த அவரக்காய் வாசனை காட்டு மேல வரும் பாருங்க, அந்த அவரைப் பருப்பு கொழம்பும் சூடான களி உருண்டையும் சாப்புட்டவங்களுக்குத்தான் தெரியும். நான் படிக்கறப்ப ஹாஸ்டல்ல களி சாப்புடறவன்னு சொல்லி கிண்டல் பண்ணுவாங்க, இப்ப அதே ராகிய சிறுதானியம்னு சொல்லி டவுன்ல பாக்கெட் போட்டு விக்கறாங்க. 2023ல தர்மபுரிலயும் நீலகிரிலயும் ரேஷன்ல அரிசிக்கு பதிலா ரெண்டு கிலோ ராகி குடுக்க ஆரம்பிச்சாங்க, அது நல்ல காரியம், எங்க விவசாயிகிட்ட வாங்கி எங்களுக்கே குடுக்கற மாதிரி அமைஞ்சா இன்னும் நல்லது.

பழைய கதைக்கு வர்றேன். இந்த ஏரியாவுக்கு பாராமகால்னு பேரு இருந்துச்சு. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, ராயக்கோட்டை, ஜெகதேவி, இப்படி குன்றுக்கு குன்று கோட்டை. மைசூர்ல இருந்து யாரு கீழ எறங்கணும்னாலும், கீழ இருந்து யாரு மைசூருக்கு ஏறணும்னாலும் எங்க ஊரு வழியாத்தான் போகணும், அதனால ஹைதர் அலி காலத்துல இருந்து திப்பு காலம் வரைக்கும் மாத்தி மாத்தி படை போயிருக்கு. படை போற வழியில வயல் என்ன ஆகும்னு சொல்லணுமா. 1792ல ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில திப்பு பாராமகால வெள்ளைக்காரனுக்கு விட்டுக் குடுத்தாரு. அலெக்சாண்டர் ரீட்னு ஒரு கேப்டன கலெக்டரா போட்டாங்க, அவருக்கு உதவியா வந்தவருதான் தாமஸ் மன்றோ, 1792ல இருந்து 1799 வரைக்கும் இங்க இருந்தாரு, தர்மபுரியிலதான் குடியிருந்தாரு. ஜமீன்தார் நடுவுல இல்லாம குடியானவன்கிட்ட நேரா நிலத்த அளந்து வரி போடற ரயத்துவாரி முறைய முயற்சி பண்ணி பாத்தது எங்க காட்டு மேலதான், பின்னாடி மெட்ராஸ் மாகாணம் முழுக்க அத கொண்டு போனாங்க. நெலத்த ஒவ்வொண்ணா அளந்தது நல்லதுதான், ஆனா மழை பொய்ச்ச வருஷமும் வரி கட்டணும்ங்கறப்ப மானாவாரி காட்டுக்காரன் கடன்காரன்கிட்ட போய்த்தான் நின்னான்.

அதே மாதிரி இந்த ஊரத் தேடி வந்து இங்கயே நின்னவங்களும் உண்டு, அத சொல்லாம விடக்கூடாது. சுப்பிரமணிய சிவா. பொறந்தது வத்தலக்குண்டு, ஜெயில்ல தொழுநோய் வந்து, அந்த நோயக் காட்டியே ரயில்ல ஏறக்கூடாதுன்னு சொன்னதால நடந்தே ஊர் ஊரா போய் பேசுன மனுஷன். பாப்பாரப்பட்டியில பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்டணும்னு ஆசைப்பட்டு 1923ல சித்தரஞ்சன் தாஸ வரவெச்சு அடிக்கல் நாட்டுனாரு. கோயில் எழும்பல, 1925 ஜூலை 23 அன்னிக்கு அங்கயே காலமாயிட்டாரு, வயசு நாப்பதுதான். இப்ப அங்க மணிமண்டபம் இருக்கு, பாரத மாதா நினைவாலயமும் கட்டிட்டாங்க. ஒகேனக்கல் போறவங்க பாப்பாரப்பட்டி வழியா போனா ஒரு அரை மணி நேரம் எறங்கி பாத்துட்டு போங்க.

இப்ப சொல்லப் போறது கஷ்டமான விஷயம். அரூர் தாண்டி சித்தேரி மலை அடிவாரத்துல வாச்சாத்தி. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை பதுக்கி வெச்சிருக்காங்கன்னு சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க ஊருக்குள்ள பூந்து வீட்டெல்லாம் ஒடச்சு, கெணத்துல எண்ணெய ஊத்தி, ஆடு கோழிய அடிச்சு, 18 பொண்ணுங்கள நாசம் பண்ணாங்க. அந்த ஊர்ல இருந்தவங்க மலையாளிங்கற பழங்குடி ஜனங்க. மலையில இருந்த சந்தன மரம் யாரு யாருக்கோ போச்சு, அதுக்கு அடி வாங்குனது அடிவாரத்துல இருந்தவங்க. அந்த பொண்ணுங்க ஒளிஞ்சு போகல, கோர்ட் கோர்ட்டா ஏறி சாட்சி சொன்னாங்க. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் கூட நின்னாங்க. குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் வழக்கு நடக்கறப்பவே செத்துட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளின்னு 2011 செப்டம்பர் 29 தர்மபுரி கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. 2023 செப்டம்பர் 29 ஹைகோர்ட் அத உறுதி பண்ணி, பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் குடுக்கணும்னு சொல்லுச்சு. 31 வருஷம். 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே படிச்சவங்க கம்மியான மாவட்டம் தர்மபுரின்னு எல்லாரும் சொல்வாங்க, 68.5 சதவீதம். அந்த மாவட்டத்துல, அதுலயும் மலை அடிவாரத்துல இருந்த பொண்ணுங்கதான் அரசாங்கத்த எதிர்த்து முப்பது வருஷம் கேஸ் நடத்தி ஜெயிச்சாங்க. எங்க மாவட்டத்து பெருமைன்னு என்னக் கேட்டா நான் மொதல்ல வாச்சாத்திய சொல்வேன்.

ஆளுங்களும் போய்ட்டேதான் இருக்காங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பெங்களூரு பஸ் எதுலயும் கால் வைக்க எடமிருக்காது, சென்ட்ரிங் வேலை, பெயிண்டிங், ஓட்டல், செக்யூரிட்டி. இன்னொரு பக்கம் திருப்பூர். 1970கள்ல சிப்காட் தொழிற்பேட்டை வந்து, பின்னாடி அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு வந்ததுக்கப்புறம் ஓசூரு எங்கயோ போயிருச்சு, ரோஸ் ஏற்றுமதி வேற, ஆனா ஓசூரும் சித்தேரியும் ஒரு காலத்துல ஒரே மாவட்டம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. 1965 அக்டோபர் 2 அன்னிக்கு சேலத்துல இருந்து பிரிச்சு தர்மபுரி மாவட்டம் ஆனப்ப அந்த ரெண்டும் இதுக்குள்ளதான் இருந்துச்சு. போனவங்க எல்லாரும் ஒரே நேரத்துல திரும்பி வர்றது மாரியம்மன் பண்டிகைக்கும் பாரதக் கூத்துக்கும்தான். திரௌபதியம்மன் கோயில்ல பதினெட்டு நாள் பாரதம் படிச்சு, ராத்திரி கூத்து கட்டி, அர்ஜுனன் தபசு மரம் ஏறி, கடைசி நாள் மண்ணுல படுத்திருக்கற துரியோதனனுக்கு படுகளம் நடத்தறப்ப பெங்களூரு சூப்பர்வைசரும் சரி காட்டு வேலைக்காரரும் சரி ஒரே கூட்டத்துல நிப்பாங்க. ஓசூர் பக்கம் அதே சனம் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசும், கூத்து தமிழ்ல பாக்கும்.

அதியமான பத்தி எல்லாருக்கும் தெரியும், நெல்லிக்கனியும் ஔவையாரும் நாலாம் கிளாஸ்லயே வந்துரும், அதனால அத விட்டுடறேன். ஒண்ணு மட்டும் சொல்றேன், அதியமானோட முன்னோர்தான் இந்த நாட்டுக்கு கரும்ப கொண்டு வந்தாங்கன்னு புறநானூத்துல ஔவையாரே பாடியிருக்காங்க. அதியமான் ஆண்ட தகடூர்ல, அதான் இப்ப தர்மபுரி, இன்னிக்கு பாலக்கோட்லயும் கோபாலபுரத்துலயும் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு, மழை இல்லாத வருஷம் அரவைக்கு கரும்பு கெடைக்காம திண்டாடுது. இன்னொண்ணு, திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைல 1981ல கெடச்ச தமிழி கல்வெட்டுல "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி"ன்னு இருக்கு. அசோகர் கல்வெட்டுல சோழர் பாண்டியர் கேரளபுத்திரரோட சேத்து சொன்ன சத்தியபுத்திரர் யாருன்னு ரொம்ப நாளா நடந்த சண்டைக்கு அதுதான் பதில் குடுத்துச்சு.

அதுக்கும் முன்னாடி போகணும்னா மயிலாடும்பாறை, பர்கூர் பக்கம் தொகரப்பள்ளி கிட்ட. அங்க தோண்டுனதுல கெடச்ச இரும்போட காலம் கிமு 2172ன்னு 2022ல சட்டசபையில அறிவிச்சாங்க. 2025ல தூத்துக்குடி பக்கம் சிவகளைல கெடச்ச இரும்பு அத விட பழசுன்னு வந்துருச்சு, இருந்தாலும் நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எங்க குன்று மேல மனுஷன் இரும்பு வெச்சு வேலை செஞ்சிருக்கான். மல்லசந்திரத்துல குன்று மேல பலகைக் கல்ல நிறுத்தி வீடு மாதிரி கட்டுன கல்திட்டைங்க கூட்டமா நிக்குது, மல்லப்பாடில பாறை ஓவியம்.

ஆனா எனக்கு ரொம்ப புடிச்சது நடுகல்லுதான். எங்க ரெண்டு மாவட்டத்துலயும் செங்கம் பக்கமும் இருக்கற அளவுக்கு தமிழ்நாட்டுல வேற எங்கயும் பழைய எழுத்துள்ள நடுகல்லு இவ்ளோ நெருக்கமா கெடையாது. 1970கள்ல தொல்லியல் துறை ஆளுங்க ஊர் ஊரா அலைஞ்சு படிச்சு வெச்சாங்க. வட்டெழுத்துல அப்போ ஆண்ட பல்லவ ராஜா பேரு, ஆட்சி வருஷம், ஊரு பேரு, அப்புறம் செத்தவன் பேரு. பெரும்பாலும் ஒரே சங்கதிதான், பக்கத்து ஊர்க்காரன் மாட்டு மந்தைய ஓட்டிட்டு போனான், இவன் தொரத்திப் போய் மீட்டான், மீட்டுட்டு செத்தான். கையில வில்லும் கத்தியும், சில கல்லுல காலடியில மாடு, ஒடம்புல குத்துன அம்பு கூட செதுக்கியிருப்பாங்க. ஊரு பொருள் ஊர விட்டு போகக்கூடாதுன்னு நின்னவனுக்கு ஊரே சேந்து நட்ட கல்லு. நம்ம ஜனங்க அத வேடியப்பன்னு சொல்லி இன்னிக்கும் பொங்கல் வெச்சு ஆடு வெட்டி கும்புடறாங்க, புள்ளைக்கு வேடியப்பன்னு பேரு வைக்கறாங்க, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தி செத்த ஒரு சாதாரண ஆளு அதுன்னு தெரியாமலேயே.

அதனால படிக்கற நம்ம ஊர்க்காரங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க ஊரு வேடியப்பன் கல்ல போய் பாருங்க. கோயில புதுசா கட்டறோம்னு அதுமேல எனாமல் பெயிண்ட் அடிக்காதீங்க, மிஷின் வெச்சு தேய்க்காதீங்க, தரைக்கு டைல்ஸ் போடறப்ப அடிப்பாகத்த சிமெண்ட்டுல மூடாதீங்க, எழுத்து அங்கயும் இருக்கலாம். ரோடு அகலப்படுத்தறப்ப ஜேசிபிக்காரர் தள்ளிட்டு போறதுக்கு முன்னாடி பஞ்சாயத்துல சொல்லி எடுத்து வெக்கச் சொல்லுங்க. தலைக்கு மேலயோ பக்கவாட்டுலயோ கீறல் கீறலா எழுத்து மாதிரி தெரிஞ்சா போட்டோ எடுத்து தர்மபுரி மியூசியத்துலயோ கிருஷ்ணகிரி மியூசியத்துலயோ காட்டுங்க. போட்டோ காலைல ஏழு மணி வெயில்ல எடுங்க, சாய்வா வெளிச்சம் விழறப்பதான் எழுத்து புடிபடும், உச்சி வெயில்ல எடுத்தா வெறும் கல்லுதான் தெரியும்.